சூரிய விளக்கும் பாட்டரிப் பராமரிப்பும்

நமது மாநிலத்தில் 2011ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பசுமை வீடுகள் திட்டத்தின்கீழ், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றிற்கும் ஐந்து சூரிய விளக்குகள் அளிக்கப்பட்டன. ஊராட்சித் தெருக்களிலும் இத்தகைய விளக்குகள் நிற்கின்றன. மேலூர், உசிலம்பட்டிப் பக்கங்களில் நாம் செல்லுமிடமெல்லாம் கேட்பது ஒரே முறையீடு: "விளக்கு எட்டு மணிக்கே அணைந்துவிடுகிறது, புதுப் பாட்டரி வேண்டும்." ஊராட்சி நிதியைச் செலவிடுமுன் ஏணியில் ஏறித் தகட்டைப் பார்த்தீர்களா என்று வினவுவோம். பெரும்பாலும் பதில் இராது.

பங்குனி, சித்திரைப் புழுதியும் வேப்பங்கிளையின் நிழலும் படிந்த தகடு போதிய மின்சாரம் தராது. தீனியின்றி ஏரில் பூட்டிய மாட்டைப்போல் பாட்டரி நாள்தோறும் நலியும். ஈயப் பாட்டரியை அவ்வாறே விட்டுவைத்தால் உட்தகடுகளில் வெண்ணிற உப்பு இறுகிவிடும். பின்னர் மீட்பது அரிது. ஆதலின், தகட்டைக் காலைக் குளிர்ச்சியில் நீர்விட்டு மெல்லிய துணியால் துடைத்தல் வேண்டும்.

மூடி திறக்கும் பாட்டரியாயின், உட்தகடுகள் மூழ்குமாறு வாலைவடிநீர் மட்டுமே வார்க்க. கிணற்று நீரும் ஆகாது, அமிலமும் ஆகாது. அருகில் பீடி நெருப்பும் கூடாது. உள்ளிருந்து எழும் வாயு தீப்பற்றக்கூடியது. வெப்பம் பத்து டிகிரி மிகுந்தால் ஈயப் பாட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். மதுரை வெயிலில் பெட்டியை நிழலில் வைப்பது இன்றியமையாதது. லித்தியம் பாட்டரிக்கு நீர் வேண்டா. தூசு அதற்கும் பகையே.

தகட்டைத் துடைத்து, விளக்கை எரியவிடாது மூன்று நல்ல வெயில் நாட்கள் காத்திருங்கள். அதன் பின்னும் விளக்கு விரைவில் அணையுமாயின், இணைப்புக் கம்பிகளைச் சோதித்த பிறகு புதிய பாட்டரிக்குத் தீர்மானம் நிறைவேற்றலாம்.