கிரீன் டீயின் சுவையும் தழைச்சத்தும்

கிரீன் டீ என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். பையில் கட்டிய தூளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, கசப்பைச் சகித்துக் குடித்துவிட்டு, 'உடம்புக்கு நல்லதாம்' என்று சொல்லிக்கொள்கிறோம். சீனாவின் லோங்ஜிங் தேயிலையையும் ஜப்பானின் சென்சாவையும் அடுத்தடுத்து வைத்துக் குடித்துப் பாருங்க. இரண்டும் ஒரே இனச் செடியின் இலை என்று நம்பவே முடியாது. இந்த வித்தியாசத்தில் பாதி அடுப்பில் வருவது, மீதி வயலில் வருவது. நமக்கு வயல்தான் முக்கியம் என்பதால் அடுப்புச் சமாசாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பறித்த கொழுந்தை வாடவிட்டுக் கசக்கினால் நொதிகள் வேலை செய்து இலை கறுத்துவிடும். நாம் பால் ஊற்றிக் குடிக்கும் டீ அதுதான். பச்சையாகவே நிற்கணும் என்றால் உடனே சூடு காட்டி நொதிகளை அடக்கணும். சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வறுக்கிறார்கள். ஜப்பானில் ஆவியில் அவிக்கிறார்கள், சாதாரண சென்சாவுக்கு அரை நிமிஷம் போல. அவிப்பதும் முதலில் சீனாவின் பழைய முறைதான். அங்கே பெரும்பாலும் வழக்கொழிந்து போனது, ஜப்பானில் தங்கிவிட்டது. அவித்து, உருட்டி, உலர்த்தும் இன்றைய சென்சா முறையை 1738இல் உஜி பக்கத்து நாகதானி சோயென் சீராக்கினார்.

ஹாங்சோவின் மேற்கு ஏரியைச் சுற்றி விளையும் லோங்ஜிங்கில், பாசிப்பயறு வறுக்கும்போது எழுமே, அந்த வாசம் இருக்கும். லேசான இனிப்பு, தொண்டையில் இதமான துவர்ப்பு. சென்சாவில் கீரை வேகிற வாசம், கொஞ்சம் கடல் வாசம். அதோடு நாக்கில் ஒட்டுகிற ஒரு கனமான ருசி. இதைத்தான் ஜப்பானியர் உமாமி என்கிறார்கள். நம் அறுசுவையில் இதற்குப் பெயர் இல்லை. ஆனால் காளானிலும் கருவாட்டுக் குழம்பிலும் நன்றாகப் பழுத்த தக்காளியிலும் நமக்குத் தெரிந்த ருசிதான்.

இந்த ருசி எங்கிருந்து வருது? தேயிலைச் செடியின் வேர், மண்ணிலிருந்து தழைச்சத்தை எடுத்துத் தியானின் என்ற அமினோ அமிலமாக்கி மேலே அனுப்புகிறது. கொழுந்தில் வெயில் படப்படத் தியானின் குறைந்து, துவர்ப்பான கேட்டகின் கூடுகிறது. அதனால்தான் ஜியோகுரோ, மட்சா வகைகளுக்குப் பறிப்பதற்குச் சுமார் 20 நாள் முன்பே தோட்டத்தின் மேல் பந்தல் போட்டு மூடுகிறார்கள். அந்தக் காலத்தில் நாணல் தட்டியும் வைக்கோலும், இப்போது கறுப்பு வலை.

நிழல் மட்டும் போதாது, தழைச்சத்தும் வேணும். இலையில் தழைச்சத்து கூடினால் ருசி கூடும், விலையும் கூடும். ஜப்பானில் தேயிலையின் தரத்தைக் கருவி வைத்து அளக்கும்போது பார்க்கிற முக்கிய எண்களில் மொத்தத் தழைச்சத்தும் ஒன்று. அப்புறம் விவசாயி என்ன செய்வார்? மூட்டையைப் பிரிப்பார். நம் நெல்லுக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. ஷிசுவோகா மாநிலத்துத் தோட்டங்கள் சிலவற்றில் ஒரு காலத்தில் ஆண்டுக்கு 1000 கிலோவைத் தாண்டிப் போட்டார்கள்! மண் கடும் அமிலமாகி வேர் கருகியது, செடி எடுக்காத மிச்சம் நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் இறங்கியது. பிறகுதான் 540 கிலோ என்று வரம்பு வைத்தார்கள். அதுவே எனக்குத் தலை சுற்றுகிறது.

சீனத் தோட்டங்கள் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் ரசாயன உரம் தாராளமாகப் போகிறது. ஆனால் பழைய முறைகள் இரண்டு கவனிக்க வேண்டியவை. ஒன்று, ஏப்ரல் 5 வாக்கில் வரும் சிங்மிங் நாளுக்கு முன்பே லோங்ஜிங் கொழுந்தைக் கையால் கிள்ளுவது. குளிர்காலம் முழுக்கச் செடி சேர்த்த சத்து அதில் இருக்கு, வெயிலும் இன்னும் ஏறவில்லை. பந்தல் இல்லாமலே பருவம் பந்தல் வேலையைச் செய்துவிடுகிறது. இன்னொன்று, சுசோ அருகே தோங்திங் மலையில் பிலோசுன் தேயிலையைப் பழமரங்களுக்கு நடுவே வளர்ப்பது. நிழலும் கிடைக்குது, சருகும் கிடைக்குது.

ஜப்பானிலும் நல்ல வழி இருக்கிறது. ஷிசுவோகாவில் தோட்டத்தை ஒட்டிப் புல்வெளிகளை விட்டுவைத்து, இலையுதிர் காலத்தில் சுசுகி என்ற உயரமான புல்லை அறுத்துக் காயவைத்து, நறுக்கி, தேயிலை வரிசைகளுக்கு நடுவே மூடாக்குப் போடுகிறார்கள். சாகுசாபா என்று பெயர். 2013இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இதை உலக வேளாண் பாரம்பரிய முறையாக அங்கீகரித்தது. ஆண்டுதோறும் புல் அறுப்பதால் வெளிச்சம் கிடைத்து, வேறெங்கும் அரிதாகிவிட்ட செடிகளும் அந்த வெளிகளில் பிழைத்திருக்கின்றன. உழவன் அறுக்காமல் விட்டால் அவை புதருக்குள் அழிந்துவிடும்.

ருசி என்று மட்டும் கேட்டால் என் நாக்கு நிழலில் வளர்ந்த ஜப்பான் தேயிலைக்குத்தான் போகுது, மறைப்பானேன். ஆனால் தினமும் குடிக்க எனக்கு லோங்ஜிங் போதும். ரசாயனம் போடாத சென்சாவும் பிடிக்கும். அதில் உமாமி கொஞ்சம் மெலிவுதான், அதைக் குறையாக நான் எடுத்துக்கொள்வதில்லை. வாங்கினால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிடாதீங்க. லோங்ஜிங்குக்கு 80 டிகிரி, சென்சாவுக்கு 70, ஜியோகுரோவுக்கு 50 முதல் 60 போதும். தெர்மாமீட்டர் இல்லையென்றால், கொதித்த தண்ணீரை டம்ளர் மாற்றி டம்ளர் ஊற்றுங்க. ஒவ்வொரு ஊற்றுக்கும் ஏறக்குறைய பத்து டிகிரி குறையும்.