காடும் மாடும்

தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் ‘செல்வம்’ என்ற பொருளும் உண்டு. பிரேசில் நாட்டின் அமேசான் பகுதியில் வாழும் விவசாயிகளுக்கு இப்பொருள் நன்கு பொருந்தும். அவர்களுக்கு மாடு என்பது நடமாடும் சேமிப்பு. மருத்துவச் செலவு வந்தாலும் வீட்டுக் கூரை பழுதானாலும் ஒரு மாட்டை விற்றுச் சமாளித்துக்கொள்ளலாம். இன்று பிரேசிலில் 20 கோடிக்கும் அதிகமான மாடுகள் உள்ளன. மாட்டிறைச்சி ஏற்றுமதியிலும் அந்நாடு உலகில் முதலிடம் வகிக்கிறது. ஆனால், இச்செல்வத்தைப் பெருக்கக் காடு பெரும் விலை கொடுத்தது.

1970களில் பிரேசில் அரசு அமேசான் காட்டினூடே நெடுஞ்சாலை அமைத்து, மக்களை அங்குக் குடியேற ஊக்குவித்தது. காட்டை வெட்டி எரித்து, புல் விதைத்து, மாடு மேய்த்தவர்கள் அந்நிலத்துக்கு உரிமை கோரினர். சில ஆண்டுகளில் மண்வளம் குன்றிப் புல் குறைந்ததும், பலர் மீண்டும் புதிய காட்டை அழித்தனர். இவ்வாறு அழிந்த காட்டின் பெரும்பகுதி மேய்ச்சல் நிலமாகவே மாறியது. 2004ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 27,800 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. இது நம் நாட்டின் பகாங் மாநிலப் பரப்பளவில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகம்.

அவ்வாண்டில்தான் காடழிப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மரினா சில்வா, காட்டில் பால்மரம் சீவிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். திட்டத்தின்படி, காடு எங்கே அழிகிறது என்பதைச் செயற்கைக்கோள்கள் காட்டிக்கொடுத்தன. அதிகாரிகள் அங்கு விரைந்து அபராதம் விதித்தனர். 2008 முதல், சுற்றுச்சூழல் சட்டத்தை மதிக்கும் அமேசான் விவசாயிகளுக்கே வங்கிக் கடன் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2009இல் பெரிய இறைச்சி நிறுவனங்கள், புதிதாகக் காடழித்த பண்ணைகளிலிருந்து மாடு வாங்குவதில்லை என உறுதியளித்தன.

இதன் பலன் வியப்பளித்தது. 2012இல் காடழிப்பு ஏறத்தாழ 4,600 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. அதாவது, எட்டே ஆண்டுகளில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியது. அதே வேளையில், நாட்டின் மொத்த மாடுகளின் எண்ணிக்கை குறையவில்லை. பல பண்ணையாளர்கள் பழைய நிலத்திலேயே தரமான புல்லை வளர்த்தனர். நிலத்தை வேலியிட்டுப் பிரித்து, ஒரு பகுதியில் மாடுகள் மேயும்போது மறுபகுதியில் புல் தழைக்கவிட்டனர். காட்டை அழிக்காமலும் மாடு வளர்க்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

எனினும், இம்மாற்றத்தின் சுமை எல்லார் மீதும் சமமாக விழவில்லை. வேலிக்கும் உரத்துக்கும் விதைக்கும் பணம் வேண்டும். பெரும்பண்ணையாளர்களால் அதைச் செலவிட முடிந்தது. சில மாடுகளை மட்டுமே நம்பி வாழ்ந்த சிறுவிவசாயிகள் திணறினர். கண்காணிப்பிலும் ஓட்டை இருந்தது. கன்று ஒரு பண்ணையில் பிறக்கும். வேறொரு பண்ணையில் கொழுக்கும். இறைச்சி ஆலைகளோ பெரும்பாலும் கடைசிப் பண்ணையை மட்டுமே சோதித்தன. பின்னாளில் அரசின் கண்காணிப்பும் தளர்ந்தது. 2021இல் காடழிப்பு மீண்டும் 13,000 சதுர கிலோமீட்டராக உயர்ந்தது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அதை விடாமல் செயல்படுத்தவும் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

பாரா மாநிலத்தைச் சேர்ந்த பராகோமினாஸ் நகராட்சி மற்றொரு பாடத்தைத் தருகிறது. 2008இல் அதிகமாகக் காடழித்த நகராட்சிகளின் பட்டியலில் அதன் பெயரும் இடம்பெற்றது. உடனே நகராட்சித் தலைமையும் பண்ணையாளர்களும் ஒன்றுகூடி, காடழிப்பை நிறுத்த உடன்பாடு கண்டனர். தங்கள் நிலங்களையும் முறையாகப் பதிவு செய்தனர். 2010இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் நகராட்சி அதுவே.

இச்செய்தி நமக்கும் தொலைவானதன்று. 2020க்குப் பின் அழிக்கப்பட்ட காட்டு நிலத்தில் விளைந்த பொருள்களைத் தடைசெய்யும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றியது. அதில் மாட்டிறைச்சியோடு நம் செம்பனை எண்ணெயும் ரப்பரும் இடம்பெற்றுள்ளன. விளைபொருள் எந்த நிலத்திலிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு நம் சிறுதோட்டக்காரர்களையும் எட்டும். காடு அனைவருக்கும் பயன் தருகிறது. ஆகவே, அதைக் காக்கும் செலவை எளியவர் தலையில் மட்டும் சுமத்தாமல், அரசும் நிறுவனங்களும் வாங்குவோரும் பகிர்ந்துகொள்வதே முறையாகும்.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. மாடுகள் குறையாமலேயே காடழிப்பு குறைந்ததற்கான காரணங்கள் யாவை?
2. நீங்கள் ஒரு சிறுவிவசாயியாக இருந்தால், அரசிடம் எத்தகைய உதவியைக் கோருவீர்கள்? ஏன்?