விழுங்கத் தகாததை விழுங்கும் பழக்கம்

குழந்தை காசை விழுங்கினால் வீடே பதறுகிறது. வளர்ந்த ஒருவர் மண்ணையும் ஆணியையும் மீண்டும் மீண்டும் விழுங்கினாலோ, கிறுக்கு என நகைக்கிறோம்; அல்லது பூசாரியைத் தேடி ஓடுகிறோம். இரண்டுமே தவறு.

மனநோயும் அறிவு வளர்ச்சிக் குறைவும் இதற்கு முதன்மைக் காரணங்கள். 1929-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மனநல மருத்துவமனையில் இருந்த ஒரு பெண்ணின் வயிற்றில் 1,446 பொருள்கள் கிடந்தன. அவற்றுள் 453 ஆணிகள். அவர் பிழைக்கவில்லை.

நம் தோட்டங்களுக்கு நெருங்கிய காரணம் இரத்தச்சோகை. இரும்புச்சத்துக் குறைந்தோர்க்கு, சிறப்பாகக் கருவுற்ற தாய்மார்க்கு, மண், சாம்பல், பச்சரிசி ஆகியவற்றின்மீது அடங்காத ஆசை எழுவதுண்டு. வெறுங்காலுடன் நிரையில் நடந்தோரின் பாதம் வழியே புகுந்த கொக்கிப்புழு அந்நாளில் இரத்தத்தை உறிஞ்சியது. அப்புழுவை ஆராய 1915-இல் ராக்பெல்லர் அறநிறுவனம் கிழக்கு நாடுகளுக்கு அனுப்பிய குழு, மலாயாவிலும் ஆய்வு நடத்தியது. சோகை தீர்ந்தால் மண்ணாசை பெரும்பாலும் தானே அகலும். அதைக் கண்டறிய எளிய இரத்தப் பரிசோதனை போதும், வெட்கப்பட்டு மறைப்பானேன்?

ஒருமுறை விழுங்கியவர் மறுமுறையும் விழுங்கக்கூடும். ஆதலால் பொருளை அகற்றுவதோடு நில்லாமல் காரணத்திற்கும் மருத்துவம் செய்தல் வேண்டும். கூரிய பொருள், மின்கலம், காந்தம் ஆகியவற்றை விழுங்கியவரை ஜாசின், அலோர் காஜா என அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்க. வாழைப்பழம் ஊட்டுவதும் வாந்தி எடுக்க வைப்பதும் ஆகா.