விபத்தில் காயமுற்றோர் நஷ்டஈடு கோரும் முறை

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலைக்குச் சற்று உள்ளே ஒதுங்கி, ஞானசம்பந்தர் பாடிய மாகாளநாதர் ஆலயத்தைத் தன்னகத்தே கொண்டு விளங்கும் இரும்பையிலும் சுற்றுப்புற கிராமங்களிலும் வாழ்வோர், ஜீவனோபாயத்திற்காக அச்சாலையில் இறங்காமல் இருக்க முடியாது. அவ்வாறு இறங்கியவர் ஒரு வாகனத்தால் மோதப்பட்டுக் கைகால் முறிந்து கிடக்கையில், அடிபட்ட மாத்திரத்திலேயே பணம் வந்துவிடும் என்று ஒருவரும், கோர்ட்டுக்குப் போனால் உள்ளதும் போய்விடும் என்று மற்றொருவரும் யோசனை சொல்வதுண்டு. இரண்டும் பிசகு.

ஆகவே முதற்கண் நிச்சயிக்க வேண்டியது, பிறருடைய அஜாக்கிரதையால் இந்தக் காயம் நேர்ந்ததா என்பதே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு இந்த அடிப்படையின்மேல் நிற்கிறது. தம்முடைய மோட்டார் சைக்கிள் மணலில் சறுக்கித் தாமே விழுந்தவருக்கு எதிர்வாதி என்று ஒருவர் இல்லையாதலால், பாலிசியில் உரிமையாளருக்கென்று உள்ள தனிநபர் விபத்துக் காப்பீடே அவருக்குக் கதி. குற்றத்தில் தமக்கும் ஒரு பங்கு இருந்தால் தொகை அந்த விகிதத்தில் குறையுமேயன்றி வழக்கே அழிந்துபோகாது. குற்றவியல் வழக்கைப் போல ஐயமறச் சாட்சியம் தேவையில்லை. நடந்திருக்கக்கூடியது இதுவே என்று தோன்றும் அளவுக்கு ஆதாரம் இருந்தால் போதும். யார் குற்றம் என்பதை நிரூபிக்காமலே கொடுங்காயத்திற்கு இரண்டரை லட்சம் அளிக்கும் 164-ஆம் பிரிவும் உண்டு; ஆனால் அத்தொகையை ஏற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவின் மனு அற்றுப்போகும் என்பதால், ஆயுள் முழுதும் பாதிக்கும் காயமுடையவர் அவசரப்பட்டு அதற்குக் கையொப்பமிடலாகாது.

அடுத்து, யாரிடம் கேட்பது? மோதிய வாகனத்தின் உரிமையாளரையும் இன்ஷூரன்ஸ் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். அரசுப் பேருந்தாயின் விழுப்புரம் போக்குவரத்துக் கழகமே நேரே பொறுப்பு. தீர்ப்பான தொகையைக் கட்டாததனால் பேருந்தை ஜப்தி செய்த செய்திகளைப் பத்திரிகையில் படிக்காதவர் யார்? நடவுக்கும் கல்யாணத்திற்கும் சரக்கு வண்டியில் ஏறிச் செல்வோர் மாத்திரம் ஒன்றை அறிந்திருத்தல் நலம்: கூலியின்றிச் சரக்கு வண்டியில் ஏறிய பிரயாணிக்கு அவ்வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பன்று என்பது சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு, உரிமையாளரிடம் கேட்கலாம், ஆனால் அவரிடம் வசூலிப்பது வேறு கதை. மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டு, இன்னதென்று தெரியாமலே போனால், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாய் தரும் தனித் திட்டத்தின் கீழ் வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

இனி, வழக்கின் பெரும்பகுதி முதல் இரவிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஜிப்மரிலோ முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியிலோ சேர்க்கும்போது, விபத்துப் பதிவேட்டில் டாக்டர் எழுதும் அந்த ஓரிரு வரியில், எந்த வாகனம், எந்த இடத்தில், எந்நேரத்தில் மோதியது என்பதை உடன் வந்தவர் தெளிவாகச் சொல்லிப் பதியச் செய்தல் அவசியம். போலீஸ் கேஸுக்கு அஞ்சி, 'தானே கீழே விழுந்தார்' என்று சொல்லி வைத்தால், பின்னாளில் எதிர்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைக்கொண்டே மனுவைக் கவிழ்த்துவிடுவார். முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துக்கடை ரசீதுகள், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை ஆகியவற்றை ஒரு பையில் பத்திரமாகச் சேர்த்து வைக்க வேண்டும். முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் உதவும்.

தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதில்தான் மக்கள் பெரிதும் ஏமாறுகின்றனர். டாக்டர் தரும் ஊனச் சதவிகிதம் வேறு, சம்பாத்தியத்தில் உண்டாகும் நஷ்டம் வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் விளக்கியது. கையை இழந்த குமாஸ்தா வேலையில் தொடரக்கூடும், கையை இழந்த தச்சரால் அது ஆகாது. 38 வயதான கொத்தனார் ஒருவர் மாதம் 10,000 ரூபாய் ஈட்டியதாகவும், காலொடிந்ததால் சம்பாத்தியத் திறனில் 40 சதவிகிதம் இழந்ததாகவும் கொள்வோம். எதிர்கால வளர்ச்சிக்கென நூற்றுக்கு நாற்பது சேர்க்க மாதம் 14,000 ஆகும்; ஆண்டுக்கு 1,68,000; அதில் 40 சதவிகிதம் 67,200; அவ்வயதிற்குரிய பெருக்கெண் 15-ஆல் பெருக்க 10,08,000. வைத்தியச் செலவும், வலிக்கும் வேதனைக்குமான தொகையும் இதற்குமேல். சம்பளச் சீட்டு இல்லாதவரின் வருமானத்தை நீதிமன்றமே உத்தேசமாக நிர்ணயிக்கும் என்றாலும், மேஸ்திரியின் வாக்குமூலமோ வங்கிக் கணக்கோ இருப்பது நல்லது.

கடைசியாக, மனுவை எங்கே தாக்கல் செய்வது? விபத்து புதுச்சேரி எல்லைக்குள் நடந்து, போலீஸ் வழக்கு அங்கே பதிவாயிருப்பினும், தாம் வசிக்கும் இடத்து மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்ய உரிமை உண்டு. ஆதலால் இரும்பைக்காரர் தம் விழுப்புரம் மாவட்டத்துத் தீர்ப்பாயத்தை நாடலாம். வக்கீலுக்குப் பணமில்லாதவர் சட்டப் பணிகள் குழுவை அணுகட்டும். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் மனுவைத் தாக்கல் செய்க. அதுவரை, ஆஸ்பத்திரிப் படுக்கையண்டை வந்து, 'செலவுக்கு இருக்கட்டும்' என்று சொற்பத் தொகையோடு நீட்டப்படும் ராஜிப் பத்திரம் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.