விஞ்ஞானியின் படம் வரையுங்கள்!

மேலே படிக்கும் முன் ஒரு சிறு சோதனை. ஒரு தாளை எடுத்து விஞ்ஞானி ஒருவரின் படத்தை வரையுங்கள். அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. வரைந்தாயிற்றா? நீங்கள் வரைந்தது ஆணையா, பெண்ணையா?

டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1966 முதல் 1977 வரை, தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் 4,807 பேரிடம் இதே சோதனையை நடத்தினார். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர் மட்டுமே. அந்த 28 பேரும் சிறுமியர். ஒரு சிறுவன்கூடப் பெண்ணை வரையவில்லை! அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளில் நடந்த இத்தகைய சோதனைகளைத் தொகுத்து 2018இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பிற்காலக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் பெண்ணை வரைந்திருந்தனர். ஆனால் வயது ஏற ஏற, ஆண் படமே மிகுந்தது.

பெண்கள் விஞ்ஞானிகளாக இல்லாததுதான் இதற்குக் காரணமா? நமக்குத் தெரிந்த ஒரு பயிரைக் கொண்டே பார்ப்போம்.

கரும்பின் கதை

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டிலும், அரூர் வட்டாரத்திலுள்ள கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ளன. தமிழ்நாட்டுக் கரும்பு உழவர்களிடம் கேட்டால் ‘கோ 86032’ என்ற இரகத்தின் பெயரைச் சொல்வார்கள். ‘கோ’ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். அங்கு 1912இல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய இரகம் அது.

தடித்த கரும்பில் சர்க்கரை அதிகம். ஆனால் நோயையும் வறட்சியையும் அது எளிதில் தாங்காது. ஆற்றோரம் வளரும் நாணலும் கரும்பின் இனத்தைச் சேர்ந்ததே. அதில் இனிப்பு இல்லை. தாங்கும் வலிமை உண்டு. இரண்டையும் கலந்தால்? அந்த வழியில் பிறந்தவையே கோயம்புத்தூர்க் கரும்புகள்.

எண்ணிப் பார்த்தவர்

இந்த நிறுவனத்தில் 1934இல் மரபியல் ஆய்வாளராகச் சேர்ந்தவர் ஜானகி அம்மாள். 1897இல் தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றவர்.

அவர் செய்த வேலை என்ன? செடியின் வளரும் நுனியில் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். அவற்றைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் குரோமோசோம்கள் தெரியும். அவற்றை எண்ண வேண்டும். மனிதனுக்கு 46. தடித்த கரும்புக்கு 80. நாணலிலோ, ஊருக்கு ஊர் எண்ணிக்கை வேறுபடும். 40 முதல் 128 வரை காணப்படுகிறது.

இந்த எண்ணிக்கை எதற்கு? 80 குரோமோசோம் உள்ள கரும்பையும் 64 உள்ள நாணலையும் கலந்தால், தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என 40ம் 32ம் சேர்ந்து 72 வர வேண்டும் அல்லவா? கரும்பைத் தாயாக வைத்துக் கலந்தால் பெரும்பாலும் 112 வருகிறது! தாய் தன் 80ஐயும் முழுமையாகக் கொடுத்துவிடுகிறது. எண்ணிப் பார்க்காமல் இதை யார் அறிய முடியும்? கலப்பில் எது எவ்வளவு சேர்ந்தது என்பதற்கு இதுவே கணக்கு. கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த முயற்சி பற்றியும் ஜானகி அம்மாள் 1938இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்.

பிறகு அவர் இங்கிலாந்து சென்றார். டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945இல் நூலாக வெளியிட்டார். 1950களில் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1984இல் சென்னையை அடுத்த மதுரவாயலில் காலமானார்.

பெயர் தெரிவதால் என்ன பயன்?

பெண் என்பதாலும் பிறந்த சாதியினாலும் அவர் பணியிடத்தில் ஒதுக்கலைச் சந்தித்ததாக வரலாற்று ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். கரும்பு நம் வாயில் இனிக்கிறது. அதை ஆராய்ந்தவர் பெயரோ பலருக்குத் தெரியாது. இது அவருக்கு மட்டும் இழப்பன்று. பள்ளிப் படிப்பு முடிந்ததும், சில இடங்களில் முடியும் முன்பேயும், பெண்ணுக்குத் திருமணம் செய்துவைக்கும் வழக்கம் தருமபுரிப் பகுதியில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. “ஆராய்ச்சியா? எந்தப் பெண் செய்திருக்கிறாள்?” என்று வீட்டில் கேட்டால், பதில் சொல்ல ஒரு பெயராவது தெரிந்திருக்க வேண்டாமா?

பெயர்கள் உண்டு. அதே கோயம்புத்தூர் நிறுவனத்தின் இயக்குநராக ஜி. ஹேமபிரபா பணியாற்றியுள்ளார். ஏறத்தாழ நூறு இந்தியப் பெண் விஞ்ஞானிகளின் வாழ்க்கையை இந்திய அறிவியல் அகாதமி 2008இல் ‘லீலாவதியின் புதல்விகள்’ என்ற பொருள்படும் ஆங்கில நூலாக வெளியிட்டது. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் பிப்ரவரி 11ஆம் நாளை அறிவியலில் மகளிர், சிறுமியர் நாளாக அறிவித்தது.

வழியும் புதிரானதன்று. மேல்நிலையில் அறிவியல் பாடங்கள், வேளாண்மையிலோ தாவரவியலிலோ பட்டம், முதுகலை, பின்னர் முனைவர் பட்டம் என்று படிப்படியாகச் செல்லலாம். வேளாண் விஞ்ஞானியாவதற்கு அகில இந்தியத் தேர்வும் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. படம் வரையும் சோதனையை உங்கள் வகுப்பிலும், ஐந்தாம் வகுப்பிலும் நடத்துங்கள். பெண்ணை வரைந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? வயதினால் வேறுபாடு உண்டா?

2. தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. அதைப் போல உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நிலையத்திலோ கல்லூரியிலோ ஆய்வு செய்யும் பெண் ஒருவரை, ஆசிரியர் வழியாகப் பள்ளிக்கு அழையுங்கள். என்ன படித்தார், தடைகளை எப்படிக் கடந்தார், இப்போது எதை ஆராய்கிறார் என்று கேளுங்கள்.

3. அவர் பேசிச் சென்றபின் முதல் சோதனையை மீண்டும் நடத்துங்கள். இரண்டு முடிவுகளையும் அருகருகே எழுதி ஒப்பிடுங்கள். மாறியிருக்கிறதா?