மலைப்பாதைப் பயணம் தினமும் தேவையா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டில் கடை, விடுதி நடத்துவோரே, ஊழியர்களைத் தினமும் மேலே வரவழைக்கும் முன் விற்பனையைக் கிழமைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். இங்கே கூட்டம் குவிவது வார இறுதியிலும் மே மாதக் கோடைச் சீசனிலும்தான். எனவே கணக்கெழுதுவது, அறை முன்பதிவு, காப்பித்தூள், மிளகு ஆர்டர் ஆகியவற்றைச் செவ்வாய், புதனில் சேலத்து வீட்டிலிருந்தே செய்யவிடலாம். வீட்டில் இருந்தால் வேலை நடக்குமா என்பார்கள். எழுதிய கணக்கும் உறுதிசெய்த பதிவும் மாலையில் கண்ணுக்குத் தெரியுமே! சமையல், துப்புரவு வேலைகளுக்கு இது பொருந்தாது என்பது நியாயமான மறுப்பு. அந்த வேலை செய்வோருக்கு மேலேயே தங்க இடம் கொடுங்கள். பனிமூட்டத்தில் இரவு இறங்கச் சொல்வது கொடுமை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டது. எனவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இந்த ஏற்பாட்டை ஒருமுறை நடத்திப் பார்த்துவிடுங்கள்.