புது மினி டிராக்டர்: முதல் 50 மணி நேரப் பாடம்



தாம்பரத்தைச் சுற்றி மனைகள் பெருகி, வயல்கள் துண்டு துண்டாகிவிட்டன. அகரம்தென், மணிமங்கலம், படப்பை பக்கம் மீதியிருக்கும் சின்ன வயலுக்கும் தென்னை வரிசைக்கும் மினி டிராக்டர் நல்ல துணை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டத்துக்குப் பட்டம் வாடகை வேலையும் கிடைக்கும். ஆனால் "புது வண்டிதானே, என்ன ஆகப்போகுது" என்று இருந்துவிடக் கூடாது. புது வண்டியும் நிற்கும். வண்டி நின்றாலும் கடன் தவணை நிற்காது.

ஏன் புதுசிலேயே கோளாறு?

புது எஞ்சினிலும் கியரிலும் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் படியும்போது நுண்ணிய இரும்புத் தூள் ஆயிலில் கலக்கும். அதிர்வில் போல்ட்டும் சக்கர நட்டும் தளரும். அதனால்தான் முதல் சர்வீஸ் சீக்கிரம் வருகிறது. பல வண்டிகளுக்கு இது 50 மணி நேரம். நம் வண்டிக்கு எத்தனை என்பதைக் கையேட்டில் பாருங்கள். அதுவரை அதிக பாரம் ஏற்ற வேண்டாம்.

நாமே பார்க்கக் கூடியவை

1. ஸ்டார்ட் ஆகலையா? கிளட்சை மிதித்து, கியரும் பி.டி.ஓ. லீவரும் நியூட்ரலில் இருக்கிறதா பாருங்கள். பேட்டரி முனை தளர்ந்திருக்கலாம். டீசல் தீரும்வரை ஓட்டினால் குழாயில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும்.

2. சூடாகுதா? ரேடியேட்டர் முன்னால் வைக்கோல் தூசி அடைத்திருக்கும், இல்லையென்றால் பேன் பெல்ட் தளர்ந்திருக்கும். சூடு ஆறாமல் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

3. கரும்புகையா? ஏர் கிளீனர் அடைப்பு அல்லது அதிக பாரம்.

4. லிப்ட் தூக்கலையா? ஹைட்ராலிக் ஆயில் அளவைப் பாருங்கள்.

ரொட்டவேட்டரில் சிக்கிய புல்லை எடுக்கும் முன் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். சுழலும் தண்டில் முந்தானை சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

டீசல் பம்ப், கியர் பாக்ஸ் இரண்டையும் வெளி மெக்கானிக் கையில் கொடுக்காதீர்கள். வாரண்டி போய்விடும்.

நோட்டுதான் நம் பலம்

குழுவில் தீர்மானப் புத்தகம் எழுதுகிற நமக்கு இது புதிதல்ல. வண்டிக்கும் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, ஹவர் மீட்டர் அளவு, ஓட்டியவர், ஊற்றிய டீசல், கண்ட கோளாறு, கம்பெனிக்குச் சொன்ன நாள் எல்லாம் எழுதுங்கள். சர்வீஸ் செய்ததும் கூப்பனில் கையெழுத்தும் ஜாப் கார்டு நகலும் கேட்டு வாங்குங்கள். ஒரே கோளாறு திரும்ப வந்தால் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெறுங்கள்.

அப்படியும் சரி செய்யவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிய பொருள் என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம்மையும் நுகர்வோராகவே ஏற்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. அங்கே நமக்காகப் பேசப்போவது அந்த நோட்டும் ரசீதும்தான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, நோட்டு எழுதும் பொறுப்பு யாருக்கு என்று தீர்மானம் போடுவோமா?